மைக்கை இறக்கிய பிறகும் ஓடுகிற பாட்டு

தமிழ்த் திரையிசைக் கச்சேரிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கும், அந்த மேடைகளில் நிற்கும் இசையமைப்பாளர்களுக்கும் பாடகர்களுக்கும்:

சமீபத்தில் சென்னையில் நடந்த ஒரு பெரிய கச்சேரிக்கு 4,500 ரூபாய் கொடுத்து வந்த ஆள் நான். அன்று மேடையில் பாடியதாகக் காட்டப்பட்ட பாடல்களில் பலவற்றை யாரும் பாடவில்லை, பதிவு செய்த குரல்தான் ஓடியது என்று அமைப்பாளருக்கு எழுதினேன். பதில் வந்தது. ரசிகர்களுக்குச் சிறந்த அனுபவத்தைத் தர உலகத்தரத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துகிறோம், உங்கள் ஆதரவுக்கு நன்றி என்று இரண்டே வரி. பாடினார்களா இல்லையா என்று நான் கேட்டதற்கு அதில் ஒரு சொல்லும் இல்லை. கொஞ்ச நாளில் அவர்களுடைய அடுத்த நிகழ்ச்சியின் போஸ்டர் வெளிவந்தது. கொட்டை எழுத்தில் மறுபடியும் 'லைவ் இன் கான்சர்ட்'. டிக்கெட் விலை மட்டும் ஏறியிருந்தது.

அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன். அந்த நிறுவனத்தின் பெயரையோ மேடையில் நின்றவர்களின் பெயரையோ சொல்லப் போவதில்லை. ஒருவரைப் பிடித்து உலுக்கினால் மற்றவர்கள் நம்மை இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். இது ஒருவர் மட்டும் செய்கிற வேலையும் இல்லை.

என்ன பார்த்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து மேடை கையகலம்தான் தெரிந்தது. ஆனால் இரண்டு பக்கமும் பெரிய எல்இடி திரை வைத்திருந்தார்கள். பாடகரின் நெற்றி வியர்வை வரை துல்லியமாகத் தெரிந்தது. குத்துப்பாட்டு ஒன்று. சுற்றிலும் நடனக் கலைஞர்கள், நடுவில் அவரும் விடாமல் ஆடிக்கொண்டிருந்தார். சரணம் முடிந்து மேலே ஏறுகிற இடத்தில் மைக்கைக் கூட்டத்தை நோக்கி நீட்டினார், 'நீங்க பாடுங்க' என்பதுபோல. கூட்டம் கத்தியது. அந்தச் சத்தத்துக்கும் மேலே அவருடைய குரல் பிசிறே இல்லாமல் உச்ச ஸ்தாயியைப் பிடித்து, ஒரு சின்ன சங்கதியையும் (மெட்டில் போடும் நெளிவு) போட்டுவிட்டு இறங்கியது. அந்த நேரத்தில் மைக் அவர் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளியிருந்தது. உதடும் மூடியிருந்தது.

பாட்டு முடிந்ததும் பேசினார். இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கியது. அப்படி ஆடினால் யாருக்கும் வாங்கத்தான் செய்யும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அரை நிமிடத்துக்கு முன்னால் அதே தொண்டை எப்படி நீண்ட வரிகளை மூச்சே விடாமல் பாடியது?

அப்புறம் ஒரு மெலடி. புல்லாங்குழல் கலைஞரைத் திரையில் காட்டினார்கள். வாசித்து முடித்துக் குழலை இறக்கி மடியில் வைத்தார். குழலிசை தொடர்ந்தது. கேமராக்காரர் சட்டென்று கூட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டார், பாவம், அவருக்கும் தெரிந்திருக்கிறது. அது எதிரொலி என்று தயவுசெய்து எழுதாதீர்கள். எதிரொலி புதிதாக ஒரு ஸ்வரம் வாசிக்காது.

என் அக்கா மகன் சவுண்ட் வேலை பார்க்கிறவன். போனில் நான் எடுத்திருந்ததை அவனிடம் போட்டுக் காட்டினேன். அவன் தன் லேப்டாப்பில் ஆல்பத்துப் பாட்டை எடுத்து, இரண்டின் முதல் எழுத்தையும் ஒரே இடத்தில் பொருத்தி, ஒன்றன்மேல் ஒன்றாக ஓட்டினான். ஒரு மனிதர் ஒரே பாட்டை இரண்டு முறை பாடினால் எங்காவது ஒரு எழுத்து முன்னே பின்னே விழும், ஒரு நெடில் கூடும் குறையும். இதில் மூச்சு எடுக்கும் இடம்கூட மாறவில்லை. இரண்டும் சேர்ந்து ஏதோ குழாய்க்குள்ளிருந்து கேட்பதுபோல ஒலித்தது. ஒரே பதிவை இரண்டாக ஓட்டினால்தான் இப்படிக் கேட்கும் என்றான். "மாமா, லீட் வோக்கலே ட்ராக்ல ஓடுது. இப்ப நிறையப் பேர் இப்படித்தான் பண்றாங்க. இதுக்குப் போய் லெட்டர்லாம் எழுதிக்கிட்டு இருக்காதீங்க." அவன் பிழைப்பு அது, அவனுக்கு அந்தக் கவலை. எனக்கு அது இல்லை.

விஷயம் தெரியாத வாசகர்களுக்காக இந்த ஏற்பாட்டைச் சொல்கிறேன். மேடையின் ஓரத்தில் ஒரு லேப்டாப் இருக்கும். பாட்டின் ஒவ்வொரு அடுக்கும் (தாளம், வயலின் கூட்டம், கோரஸ், ஹார்மனி, முதன்மைக் குரல்) அதில் தனித்தனித் தடமாக இருக்கும். டிரம்மர் காதில் 'டிக் டிக்' என்று கிளிக் ஓடும், அதைப் பிடித்துத்தான் அவர் வாசிப்பார். விளக்குகள், திரையில் வரும் காட்சி, புகை, வாணவேடிக்கை எல்லாமே அதே கிளிக்கோடு கட்டப்பட்டிருக்கும். மேடையில் வாசிக்க ஆள் இல்லாத அடுக்குகளை லேப்டாப் வாசிக்கும். இதுவரை எனக்கு ஒரு புகாரும் இல்லை. பதிவில் முப்பது வயலின் இருந்தால் மேடைக்கும் முப்பது பேரைக் கூட்டி வா என்று சொல்கிற ஆள் இல்லை நான். வெளிநாட்டுக் கச்சேரிக்கு இத்தனை பேருக்கு விசாவும் விமானமும் போடுவதென்றால் என்ன செலவாகும் என்பதும் புரியாமல் இல்லை. பாடகரே பதிவில் தனக்குத்தானே பாடிய இரண்டாம் குரல் பின்னால் மெல்ல ஓடினாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

நான் கோடு போடுவது முதன்மைக் குரலில். யாருடைய பெயரைப் போஸ்டரில் போட்டுப் பணம் வாங்குகிறீர்களோ அவருடைய குரல் அந்த நேரத்தில் அந்தத் தொண்டையிலிருந்து வர வேண்டும். அது தடத்தில் ஓடினால் அங்கே கச்சேரி நடக்கவில்லை. விலை உயர்ந்த ஒலிபெருக்கியில் ஆல்பம் ஓடுகிறது, முன்னால் சிலர் நிற்கிறார்கள்.

இதற்கு நீங்கள் சொல்லும் காரணங்கள் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, ஆடிக்கொண்டே பாட முடியாது என்பது. சரி. அப்படியானால் ஆட்டத்தைக் குறையுங்கள், அல்லது ஆடுகிற இடத்தில் பாட்டை நடனக் கலைஞர்களிடம் விட்டுவிட்டு 'இது டான்ஸ் ஐட்டம்' என்று சொல்லுங்கள். யாரும் எழுந்து போக மாட்டார்கள். எஸ்.பி.பி. மேடையில் ஆடவில்லை. நின்ற இடத்தில் நின்றுகொண்டு, பாட்டுக்கு நடுவில் சிரித்து, வாசிப்பவரைப் பார்த்துத் தலையாட்டி, பதிவில் இல்லாத ஒரு சங்கதியை அங்கேயே போட்டு அரங்கத்தைக் கட்டிப் போட்டார். அந்தப் புதுச் சங்கதிக்காகவே ஜனங்கள் போனார்கள். பதிவில் இருப்பது எங்கள் போனிலேயே இருக்கிறது.

இரண்டாவது, ட்ரோல் பயம். இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒரு ஸ்வரம் தப்பினால் அந்தப் பத்து வினாடியை வெட்டி, கீழே ஒரு கேலி வசனத்தைப் போட்டு, விடிவதற்குள் ஊர் முழுக்கப் பரப்பிவிடுகிற கூட்டம் எங்களிடையேதான் இருக்கிறது. பாடகரின் தாயார்வரை இழுத்துப் பேசுகிறார்கள். இது அசிங்கம். ஆனால் இந்தப் பயம் வந்த பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். பிசிறே இல்லாத ஒரு பொய்க் குரலை மேடையில் காட்டிக் காட்டி, மனிதக் குரல் இப்படித்தான் இருக்கும் என்று பதினைந்து வயதுப் பிள்ளையை நம்ப வைத்துவிட்டீர்கள். அடுத்த வாரம் யாரோ ஒரு நல்ல பாடகி நேர்மையாக, ட்ராக் இல்லாமல் பாடினால் அந்தப் பிள்ளைக்கு அது தப்பாகக் கேட்கிறது. அவர்தான் ட்ரோல் ஆகிறார். நேர்மையாகப் பாடுகிறவருக்குத் தண்டனை, தடத்தை ஓடவிட்டவருக்குக் கைத்தட்டல்.

இதில் எனக்கு இன்னொரு எரிச்சலும் உண்டு. டிவி பாட்டுப் போட்டிகளில் பத்து வயதுப் பிள்ளை நடுங்கிக்கொண்டே பாடுகிறது. அனுபல்லவியில் சுருதி லேசாக விலகினால் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, 'அந்த இடத்துல கொஞ்சம் ஃப்ளாட் ஆச்சு கண்ணா' என்று மதிப்பெண் குறைக்கிற பாடகர்கள் நீங்கள்தான். அந்தப் பிள்ளைக்குக் கொடுக்காத சலுகையை உங்களுக்கு நீங்களே எப்படிக் கொடுத்துக்கொள்கிறீர்கள்?

மூன்றாவது காரணம், எனக்கு வந்த பதிலில் இருந்த அதே 'உலகத்தரம்'. உலகம் முழுக்க இப்படித்தான் என்கிறீர்கள். உலகத்தைக் கொஞ்சம் பார்ப்போம்.

மில்லி வனில்லி என்ற பாப் இசை ஜோடி 1990-ல் சிறந்த புதுமுகத்துக்கான கிராமி விருதை வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில், ஆல்பத்தில் பாடியது அவர்கள் இல்லை என்று தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனே ஒப்புக்கொண்டார். விருது பறிக்கப்பட்டது. வழக்குகள் வந்து, ரசிகர்களுக்குச் சிறு தொகையாவது திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு மேடையில் தடம் மாட்டிக்கொண்டு ஒரே வரி திரும்பத் திரும்ப ஓட, பாடிக்கொண்டிருந்தவர் மேடையை விட்டே ஓடியிருந்தார்.

2013 ஜனவரியில் ஒபாமாவின் இரண்டாவது பதவியேற்பு விழாவில் அமெரிக்கப் பாடகி பியான்சே முன்கூட்டியே பதிவு செய்த தடத்தோடு தேசிய கீதம் பாடினார். டிக்கெட் வாங்கி யாரும் வந்த நிகழ்ச்சி அல்ல அது, கடும் குளிர் வேறு. அப்படியும் அமெரிக்காவில் அது பெரிய சர்ச்சையானது. பத்து நாள் கழித்துப் பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது அவர் முதலில் அந்தத் தேசிய கீதத்தை அங்கேயே, ஒரு தடமும் இல்லாமல் பாடிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் தடத்தோடு பாடியதை ஒப்புக்கொண்டு காரணத்தைச் சொன்னார். இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பி முடிக்கவில்லை.

2009-ல் அமெரிக்கப் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்தபோது அவர் உதட்டை அசைக்கிறார் என்ற புகார் கிளம்பியது. நியூ சவுத் வேல்ஸ் மாநில அமைச்சர் ஒருவரே, குரல் பதிவு செய்யப்பட்டது என்றால் அதை டிக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று பேசினார். சீனா இன்னும் ஒரு படி மேலே. 2008 ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஒரு சிறுமியின் குரலுக்கு இன்னொரு சிறுமியை வாயசைக்க வைத்த நாடுதான் அது. ஆனால் கட்டணக் கச்சேரிகளில் உதட்டசைத்து ஏமாற்றுவதை 2005-லேயே விதி போட்டுத் தடுத்திருக்கிறார்கள். அதைக் கண்காணிக்க ஆள் போடுவது அமைப்பாளரின் பொறுப்பு. 2023 நவம்பரில் ஷாங்காயில் பாடிய தைவானின் மேடே இசைக்குழுமேல் புகார் வந்தபோது அதிகாரிகள் விசாரித்தார்கள், அவர்கள் பாடித்தான் இருக்கிறார்கள் என்று அடுத்த ஆண்டு அறிவித்தார்கள். சீனாவின் எல்லா விதிகளையும் இங்கே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை, அது நமக்கு வேண்டாம். பாடினாரா இல்லையா என்பது சரிபார்க்கக்கூடிய விஷயம், அவ்வளவுதான் சொல்ல வருகிறேன்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2025 பிப்ரவரி 5-ம் தேதி சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ மைதானத்தில் இங்கிலாந்துப் பாடகர் எட் ஷீரன் பாடினார். கையில் ஒரு கிதார், காலடியில் ஒரு லூப் பெடல், அதாவது வாசித்ததை அங்கேயே பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் கருவி. கிதாரைத் தட்டித் தாளம் பதிவு செய்கிறார், அதன்மேல் ஒரு மீட்டல், அதன்மேல் ஹம்மிங். எல்லாம் நம் கண்முன்னால் அடுக்கடுக்காக ஏறுகிறது. இயந்திரம் இருக்கிறது, தொழில்நுட்பம் இருக்கிறது, ஆனால் ஒளிவுமறைவு இல்லை. நான்கு நாள் கழித்து பெங்களூரு சர்ச் தெருவில் நடைபாதையில் நின்று பாடியபோது போலீஸ்காரர் ஒருவர் வந்து ஒயரைப் பிடுங்கினார். பாட்டு நின்றது. அந்தக் காணொளியைப் பார்த்து எல்லோரும் போலீஸைத் திட்டினார்கள். எனக்கு என்னவோ நம்மூர் மேடை ஒன்றில் பாடகரின் மைக் ஒயரைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்றுதான் யோசனை போனது. பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இசையமைப்பாளர்களே, இனி உங்களிடம் பேச வேண்டும். மேடையில் நடப்பதன் வேர் உங்கள் ஸ்டுடியோவில் இருக்கிறது.

ஒரு காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில், ஒரே நேரத்தில் பாட்டைப் பதிவு செய்தார்கள். கடைசிச் சரணத்தில் ஒருவர் தப்பினால் எல்லோரும் முதலிலிருந்து. அப்படி ஒரு பாட்டைப் பதிவு செய்து முடித்த பாடகரால் அதை எந்த மேடையிலும் பாட முடிந்தது, ஏனென்றால் அந்தப் பாட்டு முழுதாக ஒருமுறை அவர் உடம்பில் ஓடியிருக்கிறது. பிறகு பல தடப் பதிவு வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. இப்போது வரி வரியாக, சில நேரம் சொல் சொல்லாகப் பாடவைத்து, 'பஞ்ச்' போட்டு ஒட்டுகிறீர்கள். மூச்சு எடுக்கும் சத்தத்தை வெட்டி எறிந்துவிட்டு ஒரு வரியின் வாலில் அடுத்த வரியின் தலையை ஒட்டிவிடுகிறீர்கள். கேட்க வேகமாக, விறுவிறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி ஒட்டிய பாட்டை நுரையீரல் உள்ள எந்த மனிதராலும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை பாட முடியாது. பாடகரே அதை முழுதாகப் பாடியதில்லை. மேடைக்கு அவர் வரும்போது ட்ராக் போடாமல் வேறு என்ன செய்வார்?

ஆட்டோ-ட்யூனும் அப்படித்தான். எண்ணெய் வளம் தேட நிலநடுக்க அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டி ஹில்டெபிராண்ட் என்ற பொறியாளர் 1997-ல் கொண்டுவந்த, சுருதி விலகிய குரலைச் சரியான சுருதிக்கு இழுத்து வைக்கும் மென்பொருள் அது. அடுத்த ஆண்டே அமெரிக்கப் பாடகி ஷெர் அதைக் குரலை வேண்டுமென்றே இயந்திரமாக்கும் விளையாட்டாகப் பயன்படுத்தி உலகத்தையே ஆட்டுவித்தார். அந்த மாதிரி வெளிப்படையான பயன்பாடு ஒரு வாத்தியம்போல. அதை நான் ரசிக்கிறேன், நம் ராப் பாட்டுகளிலும் அது நன்றாகவே உட்கார்கிறது. நான் கேட்பது மறைத்துப் போடுகிற ஆட்டோ-ட்யூனைப் பற்றி. ஒவ்வொரு குரலையும் ஒரே இஸ்திரிப் பெட்டியில் தேய்த்து எடுத்ததுபோல எல்லாப் பாடகரும் ஒரே மாதிரிக் கேட்கிறார்கள். வானொலியில் ஒரு எழுத்து கேட்டாலே ஜானகியா சுசீலாவா என்று சொல்லிய ஜனங்கள் நாங்கள். இன்றைக்கு முழுப் பாட்டைக் கேட்டுவிட்டும் யார் பாடினார் என்று போனை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நீங்களே பாடும் பாடல்களைப் பற்றியும் ஒன்று. இசையமைப்பாளர் பாடுவது இங்கே புதிதல்ல. எம்.எஸ்.வி. பாடினார். மேலே போகும்போது அந்தக் குரல் கம்மும், கதறும். யாரும் அதைச் சரிசெய்யச் சொல்லவில்லை, அந்தக் கதறலுக்காகவே உருகினார்கள். தேவா பாடிய கானாவில் எந்தப் பட்டுக்குரலும் கிடையாது. இளையராஜா மேடையில் ஒரு இடம் தப்பினால் பாட்டையே நிறுத்தி மறுபடி தொடங்க வைப்பதைக் கூட்டம் கைத்தட்டி ரசித்திருக்கிறது. ஆகவே உங்கள் குரலில் குறை இருக்கிறது என்று யாரும் குறைபடவில்லை. அந்தக் குறையோடு எங்கள் முன்னால் நில்லுங்கள்.

ரசிகனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது என்று உங்களில் சிலர் நினைக்கிறீர்கள். நான் திருநெல்வேலிப் பக்கம். அம்மன் கோயில் கொடை என்றால் இரவு ஆர்க்கெஸ்ட்ரா கட்டாயம். எங்கள் ஊருக்கு வந்த ஒரு குழுவின் முக்கியப் பாடகர் மைக்கைப் பிடித்து, 'நேத்தும் முந்தாநாளும் புரோகிராம், தொண்டை கட்டிக்கிச்சு, மேல போகாது, ஒரு கட்டை இறக்கித்தான் பாடுவேன், கோவிச்சுக்காதீங்க' என்று சொன்னார். கீபோர்டுக்காரர் அங்கேயே ஸ்கேலை மாற்றினார். தபேலாக்காரர் சுத்தியலை எடுத்துத் தட்டிச் சுருதி சேர்க்கும்வரை கூட்டம் காத்திருந்தது. பாடினார். உச்சத்தில் குரல் உடைந்தபோது முன்வரிசையில் இருந்த பையன்கள் விசிலடித்து அந்த வரியை அவருக்காகப் பாடி முடித்தார்கள். நேயர் விருப்பச் சீட்டோடு பத்து ரூபாய் நோட்டும் போனது. அந்தக் குழுவில் யாருக்கும் சினிமாவில் பெயர் கிடையாது.

கானா பாடுகிறவர்களைப் பாருங்கள். வடசென்னையில் சாவு வீட்டு வாசலில் இரவு முழுக்கப் பாடுகிறார்கள், விடியும்போது குரல் கரகரத்துப் போயிருக்கும், அந்தக் கரகரப்போடுதான் கடைசிப் பாட்டும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு முதன்முதலாக மேடையேறியபோது பறையும் சட்டியும் கட்ட மோளமும் கிதாரோடும் டிரம்ஸோடும் சேர்ந்து முழங்கின. பறை அடிக்கிற கை ஓய்ந்தால் சத்தமும் ஓய்கிற மேடை அது. திரண்டு வந்து கேட்டார்களே. டிசம்பர் சீசனில் எழுபது வயது வித்வான் சளி பிடித்த தொண்டையோடு மூன்று மணி நேரம் பாடுகிறார், சபா காலியாகிவிடுவதில்லை. பொறுமை இல்லாதவர்கள் என்று எங்களைச் சொல்லாதீர்கள்.

உங்கள் மேடையில் இருக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கு நீங்கள் செய்வது இதைவிட மோசம் என்று நினைக்கிறேன். கையில் கருவியைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, ஒலியைத் தடத்திலிருந்து எடுக்கிறீர்கள். பத்துப் பதினைந்து வருடம் சாதகம் செய்து வந்தவரை மேடை அலங்காரமாக்குகிறீர்கள். திரையில் அவர் முகம் மூன்று வினாடி வரும், பெயர் வராது. அன்று குழலை மடியில் வைத்தவர் முகத்தில் இருந்த சங்கடத்தை நான் பார்த்தேன். அவர்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை.

சட்டமும் இதில் சும்மா இல்லை. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு பொருளையோ சேவையையோ பொய்யாக வர்ணிப்பது தவறான விளம்பரம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதற்கு 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் போடலாம், விளம்பரத்தில் முகம் காட்டியவருக்கும் சேர்த்து. கச்சேரியை நீதிமன்றத்துக்கு இழுக்கும் ஆசை எனக்கு இல்லை. ஆனால் 'லைவ்' என்று போட்டு விற்பது வெறும் அலங்காரப் பேச்சு, அதற்கு யாரும் பொறுப்பில்லை என்று உங்கள் விளம்பரப் பிரிவு நினைத்துக்கொண்டிருந்தால் அந்த நினைப்பை மாற்றிக்கொள்ளட்டும்.

இனி நான் கேட்பவை.

அமைப்பாளர்களே, டிக்கெட் விற்கும் பக்கத்தில், பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, பார்க்கிங் விவரம் போடுவதுபோல இதையும் போடுங்கள்: முதன்மைக் குரல் முழுக்க நேரடியா, எத்தனை வாத்தியக் கலைஞர்கள் மேடையில் வாசிக்கிறார்கள், எவை தடத்தில் ஓடும். பதிவு செய்த குரலும் ஓடும் என்றால் ஓடும் என்று எழுதுங்கள், போஸ்டரிலிருந்து 'லைவ்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள், விலையையும் அதற்கேற்ப வையுங்கள். அதைப் படித்துவிட்டும் வருகிறவர்கள் வரட்டும். வாணவேடிக்கைக்கும் நடனத்துக்கும் வர விரும்புகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

நேரடி என்று சொல்லிவிட்டுத் தடத்தை ஓட்டினால் பணத்தைத் திருப்பித் தர ஒரு வழி வையுங்கள். முடியாத காரியமில்லை. 2023 செப்டம்பரில் சென்னை ஈசிஆர் பனையூரில் நடந்த ஏ.ஆர். ரஹ்மான் கச்சேரியில் டிக்கெட் வைத்திருந்தவர்களே நெரிசலில் உள்ளே வர முடியாமல் திரும்பியபோது, டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று அவரே பொதுவெளியில் கேட்டுக்கொண்டார். அதே வழி இதற்கும் போதும். புகார் அனுப்ப ஒரு முகவரி, பதில் சொல்ல ஒரு கெடு, இரண்டையும் டிக்கெட்டிலேயே அச்சிடுங்கள்.

பாடகர்களே, தொண்டை சரியில்லாத நாளில் சொல்லிவிட்டு ஒரு கட்டை இறக்கிப் பாடுங்கள். முடியாத பாட்டை அன்றைக்கு விட்டுவிடுங்கள். முப்பது பாட்டுக்குப் பதில் பதினெட்டுப் பாட்டு பாடினால் போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே என் முதன்மைக் குரலைத் தடத்தில் ஓட்டக் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். உங்களில் பெரியவர்கள் கேட்டால்தான் நேற்று வந்தவர்களுக்கும் கேட்கத் தைரியம் வரும்.

இசையமைப்பாளர்களே, ஒரு பாட்டை வெளியிடுவதற்கு முன்னால் அதைப் பாடியவரை ஒருமுறையாவது தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிறுத்தாமல் பாடச் சொல்லுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் பாட்டைத் திருத்துங்கள். மேடையில் வாசிப்பவர்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்துங்கள், அவர்கள் வாசிக்கும்போது பெயரைத் திரையில் போடுங்கள். மேடையில் ஆள் இருக்கும் வாத்தியத்தைத் தடத்திலிருந்து எடுத்துவிடுங்கள், அவரே வாசிக்கட்டும்.

கடைசியாக, எனக்கு அந்த இரண்டு வரிப் பதிலை அனுப்பிய நிறுவனத்துக்கு. நீங்கள் யாரென்று உங்களுக்குத் தெரியும். அடுத்த நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்பனை இன்னும் முடியவில்லை. அன்று எந்தெந்தப் பாடல்களில் முதன்மைக் குரல் தடத்தில் ஓடும் என்ற பட்டியலை விற்பனை முடிவதற்குள் வெளியிடுங்கள். எனக்குத் தனியாக மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம். போஸ்டரைப் போட்ட அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிய ஒரு ரசிகன்